ஒரு பருத்திக்கொட்டை வந்த வழி

சாயங்காலம் மதுரைச் சிம்மக்கல் பக்கம் நடந்தால் தள்ளுவண்டியில் பானையை ஏற்றிப் பருத்திப்பால் விற்பார்கள். சுக்கு வாசனை தெருமுனை வரை வரும். அதன் வேலை கொஞ்சமல்ல. கொட்டையை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பொடிப்பஞ்சு போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, ஆட்டி, துணியில் வடித்துப் பால் எடுக்க வேண்டும். சக்கையை மறுபடி ஆட்டி இரண்டாம் பாலும் எடுப்பார்கள். பிறகு அரிசி மாவு கரைத்து ஊற்றி, அடிபிடிக்காமல் கிண்டி, கருப்பட்டிப் பாகும் சுக்கும் ஏலமும் தேங்காய்த் துருவலும் சேர்க்க வேண்டும். மதுரையின் சொந்தச் சரக்கு என்று நாம் வெளியூர்க்காரருக்குப் பெருமையாக வாங்கிக் கொடுப்பது இது.

அந்தக் கொட்டை எங்கே பிறந்தது என்று யாரும் கேட்பதில்லை. இன்று தமிழ்நாட்டில் விளையும் பருத்தியில் ஆகப் பெரும்பங்கு அமெரிக்க இனம். நம் கரிசலில் காலம் காலமாக விளைந்த கருங்கண்ணியும் உப்பமும் வேறு குலம். இந்த அமெரிக்கக் கொட்டை மதுரைச் சமவெளிக்கு வந்த வழியில் ஒரு நாட்டின் பழங்குடிகள் துரத்தப்பட்டார்கள், நாற்பது லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள், ஓர் உள்நாட்டுப் போர் நடந்தது. அவற்றை எதிர்த்து நின்றவர்களில் சிலருடைய கூட்டாளிகள் நம் ஊருக்கே வந்து குடியிருந்தார்கள். அதனால்தான் இந்த வழியை அடி அடியாகச் சொல்ல நினைக்கிறேன்.

உலகில் மனிதன் பயிரிடும் பருத்தி நான்கு இனம். இரண்டு நம் பக்கத்தவை, இரண்டு அமெரிக்கக் கண்டத்தவை. நம் இனங்களின் உயிரணுவில் 26 குரோமோசோம், அமெரிக்க இனங்களில் 52. காரணம் வியப்பானது. பத்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், நம் பருத்திக்கு உறவான ஒரு செடியின் விதை எப்படியோ கடல் தாண்டி அமெரிக்கக் கரை சேர்ந்து, அங்கிருந்த காட்டுப் பருத்தியோடு கலந்தது. அந்தக் கலப்பின் வாரிசுகளில் ஒன்று மெக்சிகோ பக்கத்து மக்களின் கையில் பயிரானது. வெள்ளைக்காரக் கப்பல் எதுவும் போவதற்கு வெகு காலம் முன்பே அவர்கள் அதை நூற்று நெய்து உடுத்தினார்கள். ஆகவே பிற்காலத்தில் அமெரிக்க விதை தமிழ்நாட்டு மண்ணில் விழுந்தபோது, அதன் பாதி ரத்தம் பழைய உறவுக்காரர் வீட்டுக்குத் திரும்பியது என்றுகூடச் சொல்லலாம்.

மெக்சிகோவிலிருந்து அது வடக்கே மிசிசிப்பி ஆற்றங்கரைக்குப் போனதற்கு ஒரு கதை உண்டு. 1806-ல் வால்டர் பர்லிங் என்ற நாட்செஸ் நகரத்துக்காரர் மெக்சிகோ போயிருந்தாராம். அங்கே கண்ட பருத்தி விதையைக் கேட்டாராம். விதையை வெளியே விடக்கூடாது என்பது ஸ்பெயின்காரர்களின் சட்டம். ஆனால் பொம்மை வாங்கிப் போகத் தடையில்லை என்று விருந்து மேசையில் அந்த ஊர் ஆட்சியாளர் சிரித்தபடி சொல்ல, பர்லிங் விதை அடைத்த பொம்மைகளோடு ஊர் திரும்பினார் என்பார்கள். பொம்மைக் கதை மெய்யோ புனைவோ, மெக்சிகோ விதை நாட்செஸுக்கு வந்தது மெய். அங்கிருந்த ரகங்களோடு கலந்து, காய் நன்றாக வெடித்து, கைக்கு எளிதாகச் சுளை வரும் செடி உருவாயிற்று. ஒரே ஆள் ஒரே நாளில் முன்னைவிடப் பல மடங்கு பருத்தி எடுக்க முடிந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, 1793-ல், ஈலை விட்னி கொட்டையையும் பஞ்சையும் பிரிக்கும் பல்சக்கர ஜின்னைச் செய்திருந்தார். செடி தயார், இயந்திரம் தயார். நிலமும் ஆளும்தான் வேண்டியிருந்தன.

நிலம் மேற்கே இருந்தது. அது வெறும் நிலமாகக் கிடக்கவில்லை. செரோக்கி, சாக்டா, கிரீக், சிக்கசா என்று பல மக்கள் ஊரும் வயலும் வீடும் கட்டி வாழ்ந்த மண் அது. நாட்செஸ் என்ற நகரத்தின் பெயரே அங்கே முன்பு வாழ்ந்து அழிக்கப்பட்ட ஒரு குடியின் பெயர். 1830 மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் பழங்குடி அகற்றல் சட்டத்தை நிறைவேற்றியது. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்துப் போட்டார். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே போய்விடுங்கள், இந்த நிலத்தை விட்டுவிடுங்கள் என்பதே அதன் சாரம். 1838-39-ல் செரோக்கி மக்கள் ஏறத்தாழ 16,000 பேர் ராணுவக் காவலோடு விரட்டப்பட்டார்கள். வழியிலும் முகாமிலும் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள். செரோக்கிகளில் வசதியுள்ள சிலர் வைத்திருந்த கறுப்பின அடிமைகளும் அதே வழியில் நடந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காலியான மண்ணில் பருத்தி விதைக்கப்பட்டது. பழைய தென்மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் அடிமைகள் மேற்கே கொண்டுபோகப்பட்டார்கள். விற்கப்பட்டார்கள், அல்லது முதலாளியோடு இடம்பெயர்க்கப்பட்டார்கள்.

அங்கே பருத்தி எடுத்தது எப்படி என்பதை சாலமன் நார்த்தப் எழுதிவைத்திருக்கிறார். சுதந்திர மனிதராகப் பிறந்து, கடத்தப்பட்டு, பன்னிரண்டு ஆண்டு லூசியானாவில் அடிமையாக இருந்து மீண்டவர். 1853-ல் வெளிவந்த அவருடைய நூலில், நாளுக்கு இருநூறு பவுண்டு என்பது சாதாரண அளவு. இருட்டியதும் கூடைகளை ஜின் வீட்டுக்குத் தூக்கிப் போய் எடை போடவேண்டும். குறைந்தால் சாட்டை. ஒருநாள் கூடுதலாக எடுத்துவிட்டாலும் ஆபத்து, மறுநாளிலிருந்து அதுவே அளவாகிவிடும். நம் பக்கத்தில் பருத்தி எடுத்த அனுபவமுள்ள எந்தப் பெண்ணிடமும் இந்த இருநூறு பவுண்டைக் கிலோவாக்கி, தொண்ணூறு கிலோ என்று சொல்லிப் பாருங்கள். காய்ந்த காயின் முனை நகக்கண்ணில் குத்தும் வலி தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணின் கொடுமை உடனே புரியும்.

பழங்குடிகளை அகற்றியதை எதிர்த்து அமெரிக்காவிலேயே குரல் எழுந்தது. 1810-ல் தொடங்கி, பாஸ்டனிலிருந்து இயங்கிய அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கத்தின் செயலாளர் ஜெரமையா எவர்ட்ஸ், 1829-ல் செரோக்கிகளின் நில உரிமைக்காகத் தொடர் கட்டுரைகள் எழுதினார். அந்தச் சங்கத்தின் பாதிரியார் சாமுவேல் உர்ஸ்டர், ஜார்ஜியா மாநிலச் சட்டத்துக்கு அடிபணிய மறுத்து 1831-ல் எலைசர் பட்லரோடு சிறைக்குப் போனார். 1832-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லியும் விடுதலை அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் கிடைத்தது. செரோக்கிகளின் நிலமோ கிடைக்கவேயில்லை.

அந்த அமெரிக்கன் போர்டுதான் 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு ஆள் அனுப்பியது. ஆண்டின் தொடக்கத்தில் லெவி ஸ்பால்டிங் வந்து ஊரைப் பார்த்துப் போனார். ஆடி மாத வாக்கில் ஹென்றி ஹாய்சிங்டன், வில்லியம் டாட் என்ற இரு பாதிரியார்களும் யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர் சிலரும் வந்து சேர்ந்தார்கள். கோட்டை மதில்கள் இன்னும் இடிக்கப்படாத மதுரை அது. கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து வெளிவீதிகள் போட்டது அதன் பிறகு. வைகைக்கும் கோயிலுக்கும் நடுவில் கல்சிங்கம் உட்கார்ந்திருக்கும் இந்தச் சிம்மக்கல் பகுதி அன்று ஊரின் வடக்கு விளிம்பு. பாஸ்டனில் அச்சான மிஷனரி ஹெரால்டு பத்திரிகையில் செரோக்கி நாட்டுக் கடிதங்களும் மதுரைக் கடிதங்களும் அடுத்தடுத்து வந்தன. அமெரிக்காவின் மேற்கு நோக்கிய நடையும் மதுரைத் தெருவும் ஒரே தொகுப்பில் கட்டப்பட்டன.

ஒரு முரணையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1845-ல் அந்தச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், அடிமை வைத்திருக்கும் செரோக்கிக் கிறிஸ்தவர்களைச் சபையிலிருந்து நீக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அடிமை வைத்திருப்பது மட்டுமே நீக்கக் காரணமாகாது என்று முடிவெடுத்தார்கள். மனம் பொறுக்காத அடிமை ஒழிப்பாளர்கள் 1846-ல் பிரிந்து போய்த் தனிச் சங்கம் கண்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1847-ல், மதுரை மிஷன் இங்குள்ள சபையாரிடம் சாதி வேற்றுமையை முழுதாக விடவேண்டும், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கண்டிப்புக் காட்டியது. ஏற்காதவர்கள் வெளியேற நேர்ந்தது. பசுமலைப் பள்ளியில் மாணவர்கள் கலைந்தார்கள். மதுரையில் எடுத்த நிலை சரியானது என்றே நான் நினைக்கிறேன். சமபந்தியில் உட்கார மறுப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று சொல்லத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு தங்கள் நாட்டின் பருத்திக் காட்டில் அவர்களுக்கு வரவில்லை. அங்கே பணம் பருத்தியில் இருந்தது.

இனி விதைக்கு வருவோம். 1839-ல் இங்கிலாந்தில் பிரிட்டிஷ் இந்தியா சொசைட்டி தொடங்கியது. அடிமை ஒழிப்புக்காகப் பேசிய ஜார்ஜ் தாம்சன், ஜோசப் பீஸ் போன்றவர்கள் அதன் முன்னணியில் இருந்தார்கள். இந்தியாவில் அடிமை இல்லாத உழவர் கையால் பருத்தி விளைந்தால், லங்காஷயர் மில்கள் அமெரிக்கப் பஞ்சை விடும், அடிமை முறை தானாகச் சாயும் என்பது அவர்கள் கணக்கு. இந்தியாவின் பண்ணையாட்களையும் படியாட்களையும் அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. அடிமைத்தனத்துக்குச் சட்டத்தின் துணை இல்லை என்று கம்பெனி அரசு இங்கே அறிவித்ததே 1843-ல்தான். தஞ்சை வயலிலும் மதுரைப் பண்ணையிலும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஆள் கட்டுண்டே கிடந்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனி அதே சமயத்தில் வேறு வேலை செய்தது. சென்னைப் படையின் கேப்டன் பெய்லஸ் என்பவரை அமெரிக்காவுக்கு அனுப்பி, அனுபவமுள்ள பருத்தித் தோட்டக்காரர்களைக் கூட்டி வரச் சொன்னது. அவர் 1840-ல் பத்துப் பேரோடும் விதை, கலப்பை, பல்சக்கர ஜின்களோடும் திரும்பினார். அந்த ஆட்கள் மிசிசிப்பி பக்கத்தவர்கள். அடிமையில்லாப் பருத்தி வேண்டும் என்று ஒரு கூட்டம் லண்டனில் பேசிக்கொண்டிருக்க, அடிமைத் தோட்டத்தில் தொழில் கற்றவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மூன்று மாகாணங்களுக்கும் அவர்களைப் பிரித்து அனுப்பினார்கள். தமிழ்நாட்டில் சோதனையின் மையம் கோயம்புத்தூர். 1842-லிருந்து 1853 வரை அதற்குப் பொறுப்பாக இருந்தவர் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். தாவரவியலில் பெரிய பெயர் அவருடையது. அவர் நூல்களுக்குச் செடிகளை இலை நரம்பு தவறாமல் வரைந்து தந்த ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்கள் இருவரும் அதே அளவு நினைக்கப்பட வேண்டியவர்கள்.

சோதனை கம்பெனி எதிர்பார்த்தபடி போகவில்லை. கூட்டி வந்தவர்கள் மனம் சலித்தார்கள். காரணங்கள் மண்ணில் இருந்தன. மிசிசிப்பியில் வசந்தத்தில் விதைத்து, கோடை மழை வாங்கி, பனிக்கு முன் எடுத்துவிடுவார்கள். நம் தெற்கத்திக் கரிசலில் ஐப்பசி மழையை வாங்கிக்கொண்டு, தை முடிந்தபின் வானம் ஒரு துளி தராத நாளிலும் செடி நிற்க வேண்டும். கருங்கண்ணியின் வேர் அந்த மண்ணின் வெடிப்புக்குள் ஆழமாய் இறங்கி அடியீரத்தைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்கச் செடிக்கு அந்தப் பழக்கமில்லை. இலை சிவந்து, காய் சிறுத்து நின்றது. இயந்திரமும் ஒத்துவரவில்லை. பல்சக்கர ஜின் நம் குட்டை இழையைக் கடித்துக் குதறியது. வீட்டுத் திண்ணையில் பெண்கள் சுற்றும் மணையில் அமெரிக்கப் பருத்தியின் பஞ்சு கொட்டையை விட்டு எளிதில் வரவில்லை. கொட்டை மாட்டுக்குத் தீனி, பஞ்சு வரி கட்டப் பணம், மாறு அடுப்புக்கு விறகு என்று எல்லாமும் கணக்கில் வைத்துப் பயிர் செய்த சம்சாரி, இழை நீளம் ஒன்றுக்காக இத்தனையையும் மாற்றுவானா? மாற்றவில்லை. அது அறியாமை என்று அன்றைய அதிகாரிகளில் சிலர் எழுதினார்கள். அவர்கள் வயலைப் பார்த்தார்கள், வீட்டைப் பார்க்கவில்லை.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. பிரிட்டனுக்குப் போன பஞ்சில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வந்தது. வடக்குப் படை தென் துறைமுகங்களை அடைத்ததும் லங்காஷயரில் மில்கள் நின்றன. அங்கே தொழிலாளர் பட்டினி, இங்கே பஞ்சு விலை பல மடங்கு. தூத்துக்குடிக்குப் போகும் பாதையில் பருத்தி வண்டிகள். திருநெல்வேலிச் சீமையின் பஞ்சுக்கு உலகச் சந்தையில் பெயர் வந்தது. அரசாங்கம் ஆவலோடு தகவல் திரட்டியது. சென்னை மாகாணப் பருத்திச் சாகுபடி பற்றி டால்பாய்ஸ் வீலர் தொகுத்த கைநூல் அந்தப் பரபரப்பில் பிறந்தது. 1865-ல் போர் முடிந்தது, விலை விழுந்தது. நல்ல விலைக்கு நம்பிக் கடன் வாங்கி விதைத்தவன் மாட்டிக்கொண்டான். அமெரிக்காவில் நாற்பது லட்சம் பேருக்கு விலங்கு உடைந்த அதே ஆண்டு, கரிசல் காட்டில் பலருக்குக் கடன் கழுத்தை நெரித்தது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கும் நிலம் கிடைக்கவில்லை. முதலாளியின் நிலத்திலேயே பங்குக்கு உழுது, அறுவடைக்கு முன் கடையில் கடன் வாங்கி, ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் இன்னும் பாக்கி என்று நின்றார்கள். இரண்டு கண்டத்திலும் பருத்திக்காரன் கடைக்காரன் நோட்டில்தான் வாழ்ந்தான்.

ரயில் 1870-களின் நடுவில் மதுரையைத் தாண்டித் தூத்துக்குடி போனது. ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரைக் கொண்டு முதலில் ஒரு மில் தொடங்கி, தூத்துக்குடியில் கோரல் மில் கட்டி, 1890-களின் தொடக்கத்தில் மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு மில் எழுப்பினார்கள். ஊரே சங்கு கேட்டு எழுந்த மில் அது. இன்றும் பழைய ஆட்களுக்கு அது ஹார்வி மில்தான். திருப்பரங்குன்றம் பக்கம் தொழிலாளர் குடியிருப்பாக வந்த ஹார்விபட்டியும் அந்தப் பெயரில் நிற்கிறது. மில்லுக்கு நீள இழை வேண்டும். கருங்கண்ணி முரட்டு நூலுக்குச் சரி. மதுரை சௌராஷ்டிர நெசவாளர் கேட்ட மெல்லிய நூலுக்குப் போதாது. அதற்கு அதுவரை சீமை நூலை நம்பியிருந்தார்கள்.

அந்த இடத்தில்தான் நம் விதை மறுபடி வருகிறது, இந்த முறை கிழக்கு வாசல் வழியாக. பிறப்பால் அமெரிக்க இனம். கம்போடியாவில் பல காலம் விளைந்து, கீழ்த்திசை வெயிலுக்கும் மழைக்கும் உடம்பு பழகியது. 1905-ஐ ஒட்டி அந்தக் கம்போடியா விதை தமிழ்நாட்டுக்கு வந்தது. விருதுபட்டிச் சுற்றுவட்டாரம் அதன் முதல் களங்களில் ஒன்று. 1923-ல்தான் அந்த ஊருக்கு விருதுநகர் என்று பெயர் மாறியது. அதிகாரியின் உத்தரவு இல்லை, அமெரிக்கத் தோட்டக்காரர் மேற்பார்வை இல்லை. பஞ்சு வியாபாரிகள் நல்ல விலை சொன்னார்கள். சம்சாரிகள் அதைக் கரிசலில் போடாமல், செவல் மண்ணில் கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் போட்டுப் பார்த்தார்கள்.

விடை அங்கே கிடைத்தது. வானத்தை நம்பினால் நிற்காத செடி கிணற்றுத் தண்ணீரில் நின்றது. இரண்டு மாடு, கமலை, தோல் சால். மாடு வாரியில் இறங்கும்போது சால் ததும்பி மேலே வரும். தும்பி வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். மாடு பின்வாங்கும்போது சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். விடியக் கருக்கலில் தொடங்கினால் வெயில் ஏறும்வரை ஒருவர் கமலை ஓட்ட, இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் திருப்புவார். பெரும்பாலும் அது வீட்டுப் பெண். புரட்டாசியில் ஊன்றிய விதைக்கு மாசி பங்குனியில் காய் வெடிக்கும். இழை ஏறத்தாழ ஓர் அங்குலம், ஜின்னில் பஞ்சும் கூடுதல். மதுரை, ராமநாதபுரம், கோவைத் தோட்டங்களில் சில ஆண்டுகளுக்குள் கம்போடியா பரவிவிட்டது. பதினோரு ஆண்டு கம்பெனிச் செலவில் முடியாததைக் கிணறு வெட்டிய சம்சாரியும் கமலை ஓட்டிய மாடும் முடித்தார்கள். தமிழ்நாட்டு வேளாண் வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

விதையோடு சேர்ந்து தொல்லையும் பெருகியது. கம்போடியாச் செடியைப் பிடுங்காமல் விட்டால் அடுத்த ஆண்டும் கொஞ்சம் காய்க்கும். சம்சாரி விட்டான். தண்டுக் கூன்வண்டும் காய்ப்புழுவும் அந்தச் செடியிலேயே தங்கிப் பெருகி அடுத்த பயிரைத் தின்றன. குறித்த நாளுக்குள் பழைய மாற்றைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த 1919-ல் சென்னை மாகாணத்தில் பூச்சி நோய்த் தடுப்புச் சட்டம் வந்தது. செடி தனியாக வந்துவிடாது, தனக்கென ஒரு சட்டத்தையும் அலுவலரையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

மில் வேலைக்கு நிலமற்றவர்கள் ஊர்களிலிருந்து வந்தார்கள். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா துணையோடு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றது ஹார்வி நிர்வாகத்திடம்தான். 1921 செப்டம்பர் 22-ல் காந்தி மேலமாசி வீதி வீட்டில் மேல்சட்டையும் தலைத்துணியும் விட்டு, அரைவேட்டியோடு இறங்கி வந்தார். கதர் வாங்கவும் எங்களிடம் காசில்லை என்று ஏழைகள் சொன்னது அவரை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது. மதுரையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கம்போடியா விதை ஊன்றும் பருவம் அது. பருத்தி விளைந்த ஊரிலேயே உடுத்தத் துணியில்லாதவர்கள் இருந்தார்கள்.

1959 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்துக்கு வந்தார். அவருடைய தந்தை ஜார்ஜியாவில் பங்குக்கு உழுத பருத்திக் குடும்பத்தில் பிறந்தவர். செரோக்கிகளை விரட்டிய அதே ஜார்ஜியா. காந்திகிராமத்தை அடுத்த சின்னாளபட்டியில் தறிகள் அன்று ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய முன்னோர் எடுத்த பருத்தியின் குலத்துச் செடி, அவர் நடந்த பாதைக்கு இரு பக்கத் தோட்டங்களிலும் விளைந்த காலம் அது.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோவைப் பருத்தி நிலையத்தில் கம்போடியாவோடு உகாண்டா வழிவந்த ரகங்களைக் கலந்து எம்.சி.யு. வரிசை உருவாயிற்று. 1968-ல் வந்த எம்.சி.யு. 5-ன் நீள இழை மில்காரர்களின் விருப்பமானது. விடுதலைச் சமயத்தில் இந்தியாவின் பருத்திப் பரப்பில் அமெரிக்க இனம் நூற்றுக்கு மூன்றளவே என்பார்கள், மீதி முழுக்க நாட்டுப் பருத்தி. இன்று அது தலைகீழ். 2002-ல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபின், விதை மீண்டும் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் உரிமச் சரக்காக வந்தது. 450 கிராம் பாக்கெட்டில் வந்தது. வீரிய ஒட்டு என்பதால் எடுத்து வைத்து மறு ஆண்டு ஊன்றினால் முன்போல விளையாது.

திருமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். "எங்கய்யா காலத்துல பானையில வேப்பிலை போட்டு விதை கட்டி வச்சிருப்பாக தம்பி. இப்ப வெதைக்கே கடைக்குப் போகணும், மருந்துக்கும் அதே கடை, கடனுக்கும் அதே கடை" என்றார். மிசிசிப்பியில் போருக்குப் பின் பங்குக்கு உழுதவன் சொல்லியிருக்கக்கூடிய பேச்சு. பருத்தி எடுப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை என்றும் குறைப்பட்டார். பக்கத்தில் நின்ற அவர் மருமகள் சட்டென்று சொன்னார்: "கெடைக்காம என்ன மாமா, கிலோவுக்கு இவ்வளவுன்னு குடுக்குற கூலிக்கு வெயில்ல யார் குனிவா?" பெரியவர் பதில் சொல்லவில்லை. மருமகள் சொன்னது நியாயம். விதை இரண்டு கடல் கடந்து வந்தும், ஜின் மாறி மில் மாறி இழை நீண்டும், சுளையைக் கையால் எடுப்பவளின் கூலிதான் எல்லாவற்றிலும் கடைசியாக உயர்ந்திருக்கிறது.

1901-ல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் நாட்டுப் பருத்தி ரகங்களை இன்றும் கைவிடவில்லை. மழையை மட்டும் நம்பி, மருந்துச் செலவு குறைவாக, கரிசலில் நிற்கும் செடிகள் அவை. விதைக்கலாம் என்று விரும்பும் சம்சாரிகளும் விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் இருக்கிறார்கள். விதை கிடைக்கும். வேர் பழையபடி இறங்கும். எடுத்த பருத்தியைக் கொண்டுபோனால், அந்தக் குட்டை இழையைத் தனியாக அரைத்து, கட்டுப்படியாகும் விலைக்கு வாங்கிக்கொள்ள மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை எத்தனை ஜின்னும் எத்தனை மில்லும் கதவைத் திறக்கும் என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி.